'ரோக் டிரேடர்' பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

இவான் மெக்ரிகர் நடித்து 1999-இல் வந்த 'ரோக் டிரேடர்' படத்தைப் பார்த்து முடித்தவுடன் பலருக்கும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் வருகின்றன. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு 28 வயது இளைஞர் லண்டனில் இருந்த 233 ஆண்டுப் பழைய வங்கியைக் கவிழ்த்த கதை. சிக்கனமாக எடுத்த படம். பாதிப் பேர் "ஒண்ணும் புரியலை" என்கிறார்கள், மீதிப் பேர் "நம்பவே முடியலை" என்கிறார்கள். படத்தில் நம்ப முடியாததாகத் தெரிவது பெரும்பாலும் உண்மையாக நடந்தது. இயல்பாகவும் மனிதத்தன்மையோடும் தெரிகிற சில இடங்களில்தான் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

இது நிஜமாகவே நடந்ததா?

நடந்தது. நாயகன் நிக் லீசன். வங்கி பேரிங்ஸ், 1762-இல் தொடங்கியது. அமெரிக்கா 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை வாங்கியபோது அதற்குப் பணம் திரட்டித் தந்த வங்கி, பிரிட்டன் அரசியும் அதன் வாடிக்கையாளர். அந்த வங்கி 1995 பிப்ரவரி 26-இல் திவாலானது. மொத்த நஷ்டம் சுமார் 82.7 கோடி பவுண்டு. சில நாட்களில் நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. கடன்களை ஏற்றுக்கொண்டுதான் வாங்கினார்கள் என்றாலும் விலை என்று எழுதியது ஒரு பவுண்டு.

டிரேடிங் காட்சிகள் ஒன்றும் புரியவில்லை. எது தெரிந்தால் போதும்?

இந்தப் படத்தைப் பற்றி வரும் முதல் குறை இதுதான், நியாயமான குறையும்கூட. பின்குரலில் லீசன் பேசிக்கொண்டே போகிறார், ஆனால் பார்ப்பவருக்கு அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்.

ஜப்பானின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் 225-இன் மீதான ஃபியூச்சர்ஸ் (வரப்போகும் ஒரு நாளுக்கு இன்றே விலை பேசிச் செய்யும் ஒப்பந்தம்) அப்போது இரண்டு இடங்களில் வர்த்தகமானது. ஒன்று ஜப்பானின் ஒசாகா சந்தை, இன்னொன்று சிங்கப்பூரின் சிமெக்ஸ் சந்தை. இரண்டிலும் ஒரே பொருள், ஆனால் சில நொடிகளுக்கு விலையில் சின்ன வித்தியாசம் இருக்கும். மலிவாக இருக்கும் இடத்தில் வாங்கி, அதே நேரத்தில் மற்ற இடத்தில் விற்றால் அந்த வித்தியாசம் லாபம். வாங்கியதும் விற்றதும் சமமாக இருப்பதால் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. லீசனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான்.

அவர் செய்தது வேறு. ஒரு பக்கம் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு சந்தை ஏறும் என்று காத்திருந்தார். சிமெக்ஸில் ஒரு நிக்கேய் ஒப்பந்தத்துக்குக் குறியீட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 யென். குறியீடு 1,000 புள்ளி இறங்கினால் ஓர் ஒப்பந்தத்துக்கு 5 லட்சம் யென் நஷ்டம். கடைசி நாட்களில் அவர் கையில் இருந்தவை சுமார் 61,000 ஒப்பந்தங்கள். பெருக்கிப் பாருங்கள், 1,000 புள்ளி இறங்கினால் 3,050 கோடி யென். அந்தச் சந்தையில் திறந்திருந்த மார்ச் மாத ஒப்பந்தங்களில் கிட்டத்தட்டப் பாதி அவருடையது. விற்றுவிட்டு வெளியே வரலாம் என்று நினைத்தாலும், அவர் விற்கத் தொடங்கினாலே விலை இன்னும் விழும்.

வர்த்தகத் தரையில், அதாவது டிரேடர்கள் நேரில் கூடி நின்று வாங்கி விற்கும் இடத்தில், நடக்கும் கூச்சலைப் புரிந்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. கைகளைப் பாருங்கள். உள்ளங்கை தன்னைப் பார்த்தபடி இருந்தால் வாங்குகிறார், வெளியே பார்த்தபடி இருந்தால் விற்கிறார். இது தெரிந்தபின் இரண்டாம் முறை பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கும்.

88888 கணக்கு படத்தில் காட்டுவது போலத்தான் தொடங்கியதா?

படத்தின் கதைப்படி, அனுபவமில்லாத ஓர் இளம் பெண் ஊழியர் வாங்க வேண்டிய 20 ஒப்பந்தங்களைத் தவறுதலாக விற்றுவிடுகிறார். சுமார் 20,000 பவுண்டு நஷ்டம். அவரை வேலையை விட்டு அனுப்ப மனமில்லாமல் லீசன் அந்த நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்துவைக்கிறார். சீனர்களுக்கு 8 ராசியான எண், அதனால் அந்த எண். படம் பார்ப்பவர்கள் லீசன் மீது இரக்கப்படத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அந்தத் தவறு நடந்தது. ஆனால் வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். 88888 கணக்கு திறக்கப்பட்டது 1992 ஜூலை தொடக்கத்தில், சிங்கப்பூர் அலுவலகம் சிமெக்ஸில் வர்த்தகம் தொடங்கிய அதே வாரத்தில். அடுத்த சில நாட்களிலேயே லண்டனுக்குப் போகும் தினசரி அறிக்கைகளில் அந்தக் கணக்கு வராதபடி கணினியில் மாற்றம் செய்யச் சொல்லியிருக்கிறார். ஊழியரின் தவறு நடந்தது அதற்கும் பிறகு, ஜூலை நடுவில். தவறாகிப்போன வர்த்தகங்களைப் போட்டுவைக்க இப்படி ஒரு பிழைக்கணக்கு வைத்துக்கொள்வது எல்லா புரோக்கரேஜிலும் வழக்கம், அதில் குற்றமில்லை. அதை மேலிடத்தின் கண்ணில் படாமல் மறைக்க ஏற்பாடு செய்தது வேறு விஷயம். அழுகிற பெண்ணுக்காக ஒரு நல்ல மனிதர் எடுத்த முடிவில்தான் எல்லாம் தொடங்கியது என்று படம் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லா அறிக்கையிலிருந்தும் அந்த எண் மறையவில்லை, மார்ஜின் (ஒப்பந்தங்களுக்கு ஈடாகச் சந்தையில் கட்டி வைக்க வேண்டிய பணம்) பட்டியலில் மட்டும் தொடர்ந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த கணினிக்கு அந்த எண் அறிமுகமில்லாததால் அதைத் தனியே ஒதுக்கி வைத்தது. அந்த ஒதுக்கலை எடுத்து யாரும் பார்க்கவில்லை.

லண்டன் மேலாளர்கள் இவ்வளவு முட்டாள்களா? இது திரைக்கதை ஓட்டையா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். "பத்துக் கோடி கேட்டால் அனுப்புகிறார்கள், எதற்கு என்று கேட்கவே மாட்டார்களா?" என்று பலரும் எரிச்சலோடு சொல்கிறார்கள். லீசனுக்குச் சாதகமாகவும், திரைக்கதை எழுத வசதியாகவும், மேலதிகாரிகளைக் கோமாளிகளாக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள்.

வசனங்களும் முகபாவங்களும் மிகைதான். நடந்த விஷயம் மிகையில்லை. பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வங்கி மேற்பார்வைக் குழு 1995 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையும், பிறகு சிங்கப்பூர் அரசு நியமித்த ஆய்வாளர்களின் அறிக்கையும் படத்தைவிடக் கடுமையானவை.

முதல் விஷயம், லீசன் தரையில் வர்த்தகமும் செய்தார், அந்த வர்த்தகங்களைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் அலுவலகத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். கல்லாவில் உட்காருபவரே இரவில் தனியாகக் கணக்கும் எழுதினால் எந்தக் கடை முதலாளியும் ஒரு தரம் யோசிப்பார். 1994-இல் பேரிங்ஸின் உள் தணிக்கையாளர் சிங்கப்பூர் வந்து பார்த்து, இந்த இரண்டு பொறுப்பையும் பிரிக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். பிரிக்கவில்லை.

இரண்டாவது, லாபம். 1993-இல் லீசன் காட்டிய லாபம் சுமார் 1 கோடி பவுண்டு, வங்கியின் மொத்த லாபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டு அவருக்கு 50,000 பவுண்டு சம்பளத்துக்கு மேல் 1,30,000 பவுண்டு போனஸ். அதே ஆண்டின் இறுதியில் 88888-இல் ஒளிந்திருந்த நஷ்டம் 2.3 கோடி பவுண்டு. 1994 முடிவில் அது 20.8 கோடி. இரு சந்தைகளுக்கு இடையேயான சின்ன விலை வித்தியாசத்தில் ரிஸ்க் இல்லாமல் இவ்வளவு சம்பாதிக்க முடியாது என்று அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தோன்ற வேண்டும். தோன்றியவர்களும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த லாபத்தில் இருந்துதான் அவர்களுடைய போனஸும் வந்தது. அன்றைய தலைவர் பீட்டர் பேரிங், இந்தத் தொழிலில் பணம் சம்பாதிப்பது அவ்வளவு கடினமாக இல்லை என்று மத்திய வங்கி அதிகாரியிடமே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, பணம். மார்ஜின் கட்ட லண்டன் அனுப்பிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்களுக்காகக் கட்டும் முன்பணம் என்று அவர் சொன்னதை நம்பினார்கள். எந்த வாடிக்கையாளர் என்று உறுதியாகச் சொல்ல அங்கே ஆளில்லை. கடைசியில் நஷ்டம் வங்கியின் வர்த்தக மூலதனத்தைப் போல இருமடங்கு ஆகிவிட்டது.

ஆக, மேலதிகாரிகள் முட்டாள்கள் இல்லை. புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம், கேட்டால் லாபம் நின்றுவிடுமோ என்ற பயம். இரண்டையும் படம் சிரிப்பாக்கிவிட்டது. அதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். சிரித்துவிட்டால் 'நாம் அப்படியில்லை' என்று பார்ப்பவர் தப்பித்துவிடுகிறார்.

கத்தரியும் பசையும் வைத்து ஆவணம் தயாரித்தாரா?

ஆமாம். 1995 தொடக்கத்தில் ஆடிட்டர்கள் கணக்கில் சுமார் 5 கோடி பவுண்டுக்குத் துண்டு விழுவதைக் கண்டுபிடித்தார்கள். ஓர் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய பணம் என்று சொல்லி, அந்த நிறுவன அதிகாரியின் கையெழுத்தை வெட்டி ஒட்டி, நகலெடுத்து, தன் வீட்டிலிருந்தே ஃபேக்ஸ் அனுப்பினார். அனுப்புநர் யார் என்று ஃபேக்ஸ் இயந்திரம் தானாகவே தாளின் தலையில் அச்சடித்துவிடும். அதில் 'நிக் அண்டு லிசா' என்றிருந்தது, கணவன் மனைவி பெயர். நியூயார்க்கிலிருந்து வர வேண்டிய கடிதம் அது. ஆடிட்டர்கள் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள்.

கோபே பூகம்பம் வராமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா?

பூகம்பம் வந்தது 1995 ஜனவரி 17, விடியற்காலை. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை ஒரு டிரேடரின் துரதிர்ஷ்டமாக மட்டும் படம் கடந்து போவது எனக்கு உறுத்தியது. ஒரு நகரமே இடிந்து கிடக்கும்போது கேமரா குறியீட்டின் எண்ணை மட்டும் பார்க்கிறது.

கேள்விக்கு வருவோம். லீசன் கால் ஆப்ஷனையும் (குறித்த விலையில் வாங்கும் உரிமை) புட் ஆப்ஷனையும் (குறித்த விலையில் விற்கும் உரிமை) சேர்த்து ஏராளமாக விற்று வைத்திருந்தார். ஆப்ஷன் பார்ப்பவர்களுக்கு ஷார்ட் ஸ்ட்ராடில் என்றால் உடனே புரியும். சந்தை அசையாமல் இருந்தால் பிரீமியம், அதாவது ஆப்ஷன் விற்றதற்குக் கிடைத்த பணம், முழுதும் கையில் நிற்கும், எந்தப் பக்கம் பெரிதாக அசைந்தாலும் அடி. அந்தப் பிரீமியப் பணத்தை வைத்துத்தான் பழைய நஷ்டத்துக்கு மார்ஜின் கட்டிவந்தார். பூகம்பத்துக்குப் பிறகு, ஜனவரி 23 அன்று ஒரே நாளில் நிக்கேய் 1,000 புள்ளிக்கு மேல் விழுந்தது.

ஆனால் பூகம்பத்துக்கு முன்பே, 1994 முடிவில், 20.8 கோடி பவுண்டு போயிருந்தது என்பதை மறக்கக் கூடாது. பூகம்பத்தன்று அவர் நிறுத்தியிருந்தால் வங்கி அடிபட்டிருக்கும், ஒருவேளை பிழைத்திருக்கும். அவர் அதற்குப் பிறகும் விழுகிற சந்தையில் வாங்கிக் குவித்தார். ஆவரேஜ் பண்ணுவது என்று நம்மூர் டிரேடர்கள் சொல்வார்களே, அதுதான். நஷ்டத்தின் பெரும்பகுதி அந்தக் கடைசி ஐந்து வாரங்களில் சேர்ந்தது.

இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு "இவ்வளவு பணம் இருந்தும் ஏன் நிறுத்தத் தெரியவில்லை" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்தியாவில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. நஷ்டத்தில் நிற்கும்போது நிறுத்துவது எல்லோருக்கும் கடினம்.

டிவி படம் மாதிரி இருக்கிறதே?

இருக்கிறது. ஒரே வர்த்தகத் தரை, ஒரே அலுவலகம், ஒரு வீடு, சில பார்கள். இயக்குநர் ஜேம்ஸ் டியர்டன், நிர்வாகத் தயாரிப்பாளர் பேட்டிகளால் புகழ்பெற்ற டேவிட் ஃப்ராஸ்ட். அதே 1999-இல் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையிலும் மெக்ரிகர் நடித்ததால் பலரும் வேறு மாதிரிப் பிரமாண்டத்தை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சிக்கனம் இந்தக் கதைக்கு ஒத்துப்போகிறது என்பது என் கருத்து. வர்த்தகத் தரையில் லீசன் போட்டுக்கொள்ளும், நீலமும் மஞ்சளும் கோடு போட்ட அந்தக் கோட்டைப் பாருங்கள். வாங்கிய நாளில் விறைப்பாக இருக்கிற கோட்டு, படம் போகப் போக வியர்வையில் தொங்குகிறது. அதைவிடச் சிறப்பாக எந்தச் செலவும் அந்த மனிதரின் நிலையைச் சொல்லியிருக்காது. (லீசன் அணிந்ததாகக் கருதப்படும் அப்படி ஒரு கோட்டு 2007-இல் 21,000 பவுண்டுக்கு விலைபோனது.)

சிங்கப்பூரைச் சரியாகக் காட்டியிருக்கிறார்களா?

இல்லை. வெள்ளைக்காரர்கள் சம்பாதித்துக் குடித்துக் கும்மாளமடிக்கும் ஊராக மட்டும் வருகிறது. உள்ளூர் ஊழியர்கள் பின்னணியில் நிற்கிறார்கள், அல்லது தவறு செய்கிறார்கள்.

1984-இல் தொடங்கிய சிமெக்ஸ் சந்தை பத்தே ஆண்டுகளில் ஒசாகாவோடு போட்டி போடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்தப் பெருமையும், பெரிய வாடிக்கையாளரைச் சீண்டத் தயங்கும் மனமும் இந்தக் கதையின் முக்கியப் பகுதிகள். சிமெக்ஸ் சும்மாவும் இருக்கவில்லை. 1995 ஜனவரியில் இரண்டு முறை பேரிங்ஸுக்குக் கடிதம் எழுதியது. ஒரு கடிதத்தில் 88888 கணக்கின் மார்ஜின் பற்றாக்குறையையே குறிப்பிட்டுக் கேட்டது. பணத்துக்குக் குறைவில்லை என்று பேரிங்ஸ் உறுதி சொன்னது. இந்தப் பகுதியை மட்டும் வைத்தே ஒரு நல்ல த்ரில்லர் எடுத்திருக்கலாம்.

படம் லீசனுக்கு அதிகம் இரக்கம் காட்டுகிறதா?

காட்டுகிறது. 1996-இல் வந்த அவருடைய சொந்தப் புத்தகத்திலிருந்து எடுத்த படம், பேசுவதும் அவர் குரலில். படம் வெளிவந்தது 1999 ஜூனில், அவர் அப்போது சிங்கப்பூர் சிறையில். மெக்ரிகரின் முகத்தில் இருக்கும் துறுதுறுப்பு மீதியைச் செய்துவிடுகிறது. அன்னா ஃப்ரீல் நடித்த மனைவி லிசா எதுவும் தெரியாமல் பக்கத்திலேயே இருப்பதைப் பார்க்கும்போது நமக்கும் நெஞ்சு அடைக்கிறது.

எனக்கு மெக்ரிகரின் நடிப்பு பிடித்திருக்கிறது. பொய் சொல்லிவிட்டுத் திரும்பும்போது அந்த முகம் ஒரு நொடி காலியாவதை வேறு நடிகரிடம் பார்ப்பது அரிது. ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். லண்டனில் டிரேடர் உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது, தன்மீது கடனைக் கட்டச் சொல்லி நீதிமன்றத் தீர்ப்பு இருந்ததை அவர் மறைத்தார். சிங்கப்பூர் விண்ணப்பத்திலும் மறைத்தார். அது முதல் தவறுக்கும், அழுத ஊழியருக்கும் முந்தைய சங்கதி.

அந்தப் பணமெல்லாம் எங்கே போனது? யார் இழந்தார்கள்?

லீசன் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. ஃபியூச்சர்ஸில் ஒருவர் இழப்பது எதிர்ப்பக்கம் இருப்பவருக்குப் போகும். சந்தை இறங்கும் என்று நினைத்து அவருக்கு விற்றவர்கள் எல்லோருக்கும் பிரிந்து போனது.

இழந்தவர்களைப் படம் காட்டவேயில்லை. பேரிங்ஸின் பங்கு மூலதனத்தில் பெரும்பகுதி பேரிங் அறக்கட்டளையிடம் இருந்தது. பிரிட்டனில் தொண்டு அமைப்புகளுக்கு உதவிவந்த அறக்கட்டளை அது, வருமானத்தின் பெரும்பகுதி ஒரே வாரத்தில் போய்விட்டது. வங்கிக்குக் கடன்பத்திரம் மூலம் பணம் கொடுத்திருந்தவர்களும் தவித்தார்கள். "வங்கிக்குத்தானே நஷ்டம்" என்று சொல்பவர்களுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஏன் காப்பாற்றவில்லை?

1890-இல் அர்ஜென்டினா கடனில் சிக்கியபோது இதே பேரிங்ஸைக் காப்பாற்றியது. 1995-இல் அந்த வாரக்கடைசியில் ஆளுநர் எடி ஜார்ஜ் மற்ற வங்கிகளை அழைத்துப் பேசினார். சிக்கல் என்னவென்றால், ஒப்பந்தங்கள் இன்னும் திறந்தே இருந்தன. திங்கட்கிழமை ஆசியச் சந்தைகள் திறந்தால் நஷ்டம் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லை தெரியாத நஷ்டத்துக்குப் பணம் போட ஒருவரும் முன்வரவில்லை.

லீசனுக்கு என்ன தண்டனை? இப்போது என்ன செய்கிறார்?

1995 பிப்ரவரி 23-இல் மேசையில் மன்னிப்புக் குறிப்பை விட்டுவிட்டு மலேசியாவுக்குப் போனார். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பறந்தவரை ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடித்தார்கள். பிரிட்டனில் விசாரிக்கச் சொல்லிப் போராடிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆடிட்டர்களையும் சிமெக்ஸையும் ஏமாற்றிய குற்றத்துக்கு 1995 டிசம்பரில் ஆறரை ஆண்டு தண்டனை. சிறையில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, மணவாழ்க்கையும் முறிந்தது. 1999 ஜூலையில் விடுதலை. பிறகு அயர்லாந்தில் குடியேறி, கால்வே யுனைட்டட் கால்பந்துக் கழகத்தை நிர்வகித்தார். மேடைகளில் பேசியும் வருகிறார். சிறைக்குப் போனது அவர் மட்டுமே. லண்டன் மேலாளர்களில் பலருக்கு இயக்குநர் பதவி வகிக்கத் தடை விதித்ததோடு சரி.

இன்று இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. 2008-இல் பிரான்சின் சொசியெத்தே ஜெனரால் வங்கியில் ஜெரோம் கெர்வியேல், 490 கோடி யூரோ. 2011-இல் யூபிஎஸ் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் குவேகு அடோபோலி, சுமார் 230 கோடி டாலர். இருவருமே டிரேடராவதற்கு முன் வர்த்தகங்களைச் சரிபார்க்கும் அலுவலகப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்கள். லீசனும் அப்படித்தான். எங்கே சரிபார்ப்பார்கள், எங்கே பார்க்க மாட்டார்கள் என்று உள்ளே இருந்து தெரிந்துகொண்டு வந்தவர்கள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், கெட்ட வார்த்தைகளும் குடிக்காட்சிகளும் நிறைய. கல்லூரி வயதில் டிரேடிங் ஆசையோடு யாராவது வீட்டில் இருந்தால் கூட உட்கார வையுங்கள். படம் சுமார் 100 நிமிடம்தான். தொடங்கும் முன் மேலே சொன்ன 500 யென் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டிவிடுங்கள், பாதி கேள்விகள் குறைந்துவிடும்.